ஆளில்லாத லயம்

மலாக்காவும் சிரம்பானும் இனி தனித்தனியாகத் தொழிற்சாலைக்காரர்களைத் தேடிப் போகப்போவதில்லை, இரண்டும் சேர்ந்து ஒரே தொழில் வட்டாரமாகப் போகின்றன என்று தொண்ணூற்று ஐந்தாம் ஆண்டில் பேச்சு கிளம்பியது. இரண்டு ஊர்களும் கைகோத்துக்கொள்வதில் யாருக்கும் வருத்தமில்லை. நடுவில் இருப்பவனைத்தான் யாரும் கேட்கவில்லை. அலோர் காஜாவுக்கு வடக்கே இருந்த புக்கிட் செனாங் ரப்பர் தோட்டம் அப்படி நடுவில் மாட்டிக்கொண்டது.

தோட்டத்தை எடுத்துக்கொண்டு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு டுரியான் துங்காலில் கல்வீடு கொடுப்பதாக ஏற்பாடு. இரண்டு ஊருக்கும் பொதுவான கூட்டுக்குழுவின் அதிகாரி ஒரு தடவை வந்து பார்ப்பார். வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும், அந்த ஆள் தோட்டத்து வேலையில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் கல்வீடு. இதெல்லாம் மேனேஜர் தனபாலனுக்கு நன்றாகத் தெரியும். வீடு குறையக் குறையக் கம்பெனிக்கு லாபம் என்பதும் தெரியும். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் வீரமுத்துவிடம் அவர் வாயே திறக்கவில்லை.

வீரமுத்து அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். பையனாக இருந்தபோது ரப்பர் பால் பிடிக்கிற மங்கு கழுவினார், இளவட்டமானதும் மரப்பட்டையைக் கீறிப் பாலெடுக்கிற மரம் வெட்டும் வேலைக்குப் போனார், தலை நரைக்கத் தொடங்கியபோது மண்டோர் ஆனார். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அவர் பேர் கூப்பிட்டால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து நிற்கும். துரை வருகிற நாளில் லயத்தில் ஒரு குஞ்சு குளுவான்கூடக் கண்ணில் படக்கூடாது என்பது அவர் படித்த பாடம். வேலை நாளில் வீட்டில் ஆள் இருந்தால் மண்டோர் லாயக்கில்லாதவன். வெள்ளைக்காரத் துரைகள் போய் எத்தனையோ காலம் ஆகியும் பாழாய்ப்போன அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

"நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க மண்டோரே. லயம் எப்படி இருக்கணும்னு தெரியும்ல?" என்றார் தனபாலன்.

"எனக்கா சொல்றீங்க சார்?" என்றார் வீரமுத்து. அவருக்கு ஒரே பெருமை.

பொழுது விடிவதற்குள் லயத்தைக் காலி செய்துவிட்டார். கைப்பிள்ளைக்காரிகளைத் தூரத்து வெட்டுக்கு அனுப்பினார். கிழடு கட்டைகளைக் கோயில் பக்கம் விரட்டினார். கொடியில் கிடந்த துணியைக்கூட விடவில்லை. அவர் மனைவி பெத்தம்மாளும் மரம் வெட்டுகிறவள்தான்.

"முட்டி வீங்கிக் கெடக்கு, இன்னிக்கு ஒரு நாள் படுத்துக்கறேனே," என்றாள்.

"மண்டோர் வீட்லயே ஆள் படுத்துக் கெடந்தா ஊரு சிரிக்கும். வாளிய எடு."

அவள் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனாள்.

அதிகாரி காண்டீபன் வந்தபோது வானம் கறுத்திருந்தது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்து ஆள், மரியாதையான மனிதர். ஒவ்வொரு கதவாகத் தட்டினார், காத்திருந்தார், பிறகு சுண்ணாம்புக் கட்டியால் கதவில் பெருக்கல் குறி போட்டார். சுத்தமான லயம் என்று அடையாளம் வைக்கிறார் போலிருக்கிறது என்று வீரமுத்து முகமெல்லாம் சிரிப்பாகப் பின்னால் நடந்தார். கடைசி வரிசையில்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"இது என்னா குறிங்கய்யா?"

"ஆள் இல்லாத வீடு எண்டு. இதுகளுக்கு மாற்று வீடு கிடைக்காது."

வீரமுத்து திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை எல்லாக் கதவிலும் குறி. அத்தனை கதவையும் சாத்த வைத்தது அவர்தான்.

"ஐயா, எல்லா வீட்லயும் ஆள் இருக்குங்கய்யா! வேலைக்குப் போயிருக்காங்க!"

"வயசான ஆளு, பழைய நெனப்புல பேசறாரு," என்று சிரித்தார் தனபாலன். "பாதிப் பேரு டவுனுக்குப் போயிட்டாங்க. மிச்சப் பேரு வெளியூர்லேர்ந்து வந்து போறவங்க."

காண்டீபன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் கண்ணால கண்டதைத்தான் எழுதேலும், அண்ணை. பின்னேரம் சிரம்பானில கூட்டம், இண்டைக்கே குடுக்கவேணும். ஆக்கள் இருந்தா இப்ப காட்டுங்கோ."

இப்போதே காட்ட வேண்டுமென்றால் ஒரே வழி பெரட்டு மணிதான். ஆபீஸ் பக்கத்து மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு அது. விடிகாலை தவிர வேறு நேரத்தில் அது ஒலித்தால் தீ என்று அர்த்தம். மங்கெல்லாம் நிறைந்து நிற்கிற நேரம், மழை வேறு தலைக்கு மேல் நிற்கிறது. இப்போது ஆளை இழுத்தால் அன்றைய பால் மொத்தமும் நாசம். மண்டோரே தன் கையால் பாலை அழிப்பதற்குத் தோட்டத்தில் மன்னிப்பே கிடையாது.

வீரமுத்து மரத்தை நோக்கி நடந்ததுமே தனபாலனுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் ஓடி வந்தார்.

"தொட்டே, அப்புறம் நீ மண்டோர் இல்ல. வேலையே இல்ல. வீடும் இல்ல. யோசிச்சுக்க."

வீரமுத்து யோசித்தார். அவருக்குப் பயம்தான், நன்றாகவே பயம். ஆனால் அந்தக் குறிகளைப் பார்க்கப் பார்க்கப் பயத்தைவிட வெட்கம் பெரிதாக வந்தது. இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தில் ஓங்கி ஓங்கி அடித்தார்.

காடே கிடுகிடுத்தது. "தீ! தீ!" என்று கத்திக்கொண்டு நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள், வெட்டுக் கத்தியும் கையுமாக, இடுப்பில் பிள்ளையோடு.

"தீ இல்ல! அவங்கவங்க வீட்டு வாசல்ல போயி நில்லுங்க! கதவத் தொறங்க!" என்று கூவினார் வீரமுத்து. பெரட்டுக் குரலுக்குப் பழகிய ஜனம், ஏன் என்றுகூடக் கேட்காமல் போய் நின்றது.

காண்டீபன் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து, பேரைக் கேட்டு, வேலையைக் கேட்டு, தன் உள்ளங்கையாலேயே குறியை அழித்துக்கொண்டு வந்தார். கடைசி வீடு மண்டோருடையது. வீரமுத்து வாசலில் நின்றார்.

"இங்க யார் இருக்கினம்?"

தனபாலன் முந்திக்கொண்டார். "யாரும் இல்ல. இவனுக்குத் தோட்டத்துல வேலை இல்ல, இப்பதான் நிறுத்தினேன்."

காண்டீபனின் கை கதவருகே அப்படியே நின்றது.

காலை இழுத்துக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியாகப் பெத்தம்மாள் வந்து சேர்ந்தாள். நடந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை, கதவில் இருந்த குறியையும் மேனேஜர் முகத்தையும் பார்த்தது போதுமாக இருந்தது. புருஷனைக் கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு நிலைப்படியில் ஏறி நின்றாள்.

"நான் இருக்கேன்யா. பெத்தம்மாள். பால்மரம் வெட்டறேன். வேணும்னா சாரயே கேளுங்க, இன்னிக்கும் வேலைக்குப் போயிட்டுத்தான் வாறேன்."

தனபாலன் ஆபீஸ் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவர்?" என்று கேட்டார் காண்டீபன்.

"எங்க வீட்டுக்காரரு. என்கூட இருக்காரு."

காண்டீபன் குறியை அழித்தார். மழை கொட்டத் தொடங்கியது. பாலெல்லாம் போச்சு என்று வழக்கம்போல் கத்த வாயெடுத்த வீரமுத்துவுக்கு, இனி அது தன் வேலை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நனைந்துகொண்டே நின்று அழுதார்.

"ஏன் வெளிய நிக்கற? உள்ள வா," என்றாள் பெத்தம்மாள்.

மண்டோர் தன் பெண்டாட்டியின் வீட்டுக்குள் போனார்.