மாப்பிள்ளைக்கு வந்த பால்கோவா

என் மனைவியின் மேல் எனக்குப் பொறாமை வந்தது கல்யாணமான இரண்டாவது வருடத்தில். பி.எஸ்சி. கணிதம் படித்த பெண் என்று தரகர் சொன்னபோது, நாளைக்குப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆகும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் படிப்பு என் மேலேயே திரும்பும் என்று யார் கண்டது?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். சட்டையை எத்தனை உதறினாலும் பஞ்சு போகாது. என்னைவிடச் சின்னப் பையன்கள் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து, ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, என்னை நிற்கவைத்துக் கணக்குக் கேட்பார்கள். வயிறு எரியும். நானும் எம்.பி.ஏ. படித்து அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே தீருவது என்று முடிவு செய்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்பு நடந்தது. சேர்வதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னையிலிருந்து பயிற்சிப் புத்தகங்களைத் தபாலில் வரவழைத்தேன்.

அவளுக்கு நான் கொடுத்த வேலை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேள்வியை வாசிப்பது. ஒரு நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே வாசித்தாள். ஒரு வியாபாரி அடக்க விலையை இருபது சதவீதம் ஏற்றி விலை போடுகிறான். பிறகு அந்த விலையில் இருபது சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறான். லாபமா, நஷ்டமா?

“ஏத்துனதும் இருபது, எறக்குனதும் இருபது. ரெண்டும் இல்லட்டி,” என்றேன் கம்பீரமாக.

“நாலு சதவீதம் நஷ்டங்க.”

பேனாவைத் தொடவில்லை. வெண்டைக்காயிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாலுதான். அன்றைக்கு அந்தப் பொரியலை நான் தொடவில்லை.

அதன் பிறகு எனக்குப் புத்தகத்தைவிட அவள் முகம்தான் பெரிய பாடமாகிவிட்டது. நான் பாதிக் கணக்கில் இருக்கும்போதே அவளுக்கு விடை வந்துவிடும். வந்ததைக் காட்டிக்கொள்ளாமல், எனக்காக உதட்டை மூடிக்கொண்டு காத்திருப்பாள். முந்திச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்; அந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் வெடித்துவிட்டேன்.

“அம்புட்டுத் தெரிஞ்சா நீயே போயி எழுத வேண்டியதுதான!”

“சரிங்க, எழுதுறேன்,” என்றாள் சாதாரணமாக. சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவளுக்கும் விண்ணப்பம் வாங்கிப் போட்டேன்.

அந்தத் தேர்வில் நாலு தப்பான விடைகள் ஒரு சரியான விடையின் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். அதைப் படித்ததிலிருந்து அவள், “தெரியாதத தொடாதீங்க, விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் வளர்ந்த விதம் வேறு. ஒரு கேள்வியையும் விடக்கூடாது, தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை, வாத்தியார் பார்த்து இரண்டு மதிப்பெண் போடுவார் என்றுதான் எங்களை அடித்துப் பழக்கியிருந்தார்கள். போதாததற்கு இன்னொரு சந்தேகமும் வந்தது. என்னைப் பாதியில் விடவைத்துவிட்டு இவள் முந்தப் பார்க்கிறாளோ? கட்டிய மனைவியைப் பற்றி அப்படி நினைக்க வைத்தது பொறாமை.

மதுரையில் தேர்வு அறையில் விடைத்தாளில் ஒரு வட்டம் பாக்கி இல்லாமல் கறுப்பாக்கிவிட்டுத்தான் எழுந்தேன். திரும்பும் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன்.

“எல்லாம் எழுதிட்டியா?”

“இல்லங்க. நெறய விட்டுட்டேன்.”

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. திருமங்கலத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தேன். தோற்றவளுக்கு ஆறுதல் பரிசு! அதன் பிறகு கிருஷ்ணன்கோவில் வரை நல்ல தூக்கம்.

முடிவு வந்தது. அவள் தேறிவிட்டாள்; நான் இல்லை.

சந்தோஷம் தாங்காமல் தெருமுனை பூத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு போன் செய்தாள். அவள் அப்பா அங்கே கோர்ட்டில் குமாஸ்தா. அவர் சீட்டில் இல்லை. போனை எடுத்தவரிடம், “எம்.பி.ஏ. பரீட்சை பாஸுன்னு சொல்லிருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். யார் பாஸ் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலமே மாமனார் பால்கோவாப் பெட்டியோடு வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றும்போதே, “மாப்ளே! நான் அன்னைக்கே சொன்னேம்லா, நீங்க எமகாதகர்னு!” என்று ஒரு விள்ளல் எடுத்து என் வாயில் திணித்தார். அடுக்களை வாசலில் நின்று அவள் என்னையே பார்த்தாள். அவளாகச் சொல்லப் போவதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. நானும் உடனே சொல்லவில்லை. வாயில் இருந்தது கரையும் வரைக்கும் பாஸான மாப்பிள்ளையாகவே நின்றேன்.

“பாஸானது நான் இல்ல மாமா. உங்க மக.”

“அவளா?” அவர் பெட்டியை மூடினார். அவள் பக்கம் திரும்பினார். “ஏட்டி, மாப்பிள்ள எழுதுற பரீட்சைய நீ எதுக்குட்டி போயி எழுதுன? அவிய மனசு என்ன பாடுபடும்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இத்தனை மாதமாக வெந்து செத்தவன் நான். அவள் எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி என்று தெரிந்ததால்தான் வெந்தேன். பெற்று வளர்த்த இந்த மனுஷருக்கு அந்த அளவுகூடத் தெரியவில்லையே!

“நாந்தான் எழுதச் சொன்னேன் மாமா,” என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்து அவளிடம் நீட்டினேன்.

மாமனார் சமாதானமாகி, கால் கழுவப் பின்பக்கம் போனார். அவள் பால்கோவாவை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

“இன்னும் வயிறு எரியுதாங்க?” என்று கேட்டாள்.

“எரியுது.”

“எரியட்டும்,” என்று சொல்லிவிட்டு இன்னொரு விள்ளல் எடுத்துக்கொண்டாள்.