வேர்லே செய்த சமையலறை

வேர்லே வீட்டில் சமையலறை இல்லாமல் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. பழைய அலமாரிகளை அவள் புருஷன் யோரிஸ் ஒரே சனிக்கிழமையில் பெயர்த்து வெளியே போட்டான். "கடையில விக்கிறதெல்லாம் வெறும் அட்டை. நானே செய்றேன் பாரு, நம்ம ஆயுசுக்கும் நிக்கும்" என்றான். அன்றிலிருந்து கூடத்து மூலையில் ஒற்றை மின்னடுப்பு, சாமான்களுக்கு அட்டைப்பெட்டி, பாத்திரம் கழுவக் குளியல்தொட்டி என்று பிழைப்பு ஓடியது. தொட்டி முன்னால் மண்டியிட்டுச் சட்டி தேய்த்ததில் அவள் முழங்கால் இரண்டும் காய்த்துப்போயின.

யோரிஸ் சோம்பேறியில்லை, அதுதான் தொல்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகன். வேலை முடிந்து வந்ததும் பின்பக்கத்து கார் கொட்டகைக்குள் போய்விடுவான். அலமாரிக்கான ஒரு பெட்டியைப் பலகை சேர்த்துப் பூட்டுவான், மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பான், ஒரு மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் பிரித்துவிடுவான். ஐந்து பெட்டி செய்து ஐந்தையும் பிரித்தவன். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பக்கம் தன் வீட்டைத் தானே இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் ஆள் தெருவுக்கு நாலு பேர் உண்டு என்பதால் யாரும் இதை விசேஷமாக நினைக்கவில்லை. முதலிரண்டு வருஷம் "ஆச்சா?" என்று விசாரித்தவர்கள் பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

வேர்லேவுக்கு ஐம்பத்தொரு வயது. சலவை ஆலையில் ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. காலை ஆறு மணிக்கு நின்றால் இரண்டு மணிக்குத்தான் உட்காருவாள். வீட்டுக்கு வந்து படியேறும்போது ஒவ்வொரு படியையும் எண்ணுவாள்.

அந்த ஜனவரியில் யோரிஸ் முழு ப்ளைவுட் பலகை ஒன்றைத் தனியாளாகக் காரிலிருந்து இறக்கப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்தான். முதுகெலும்பில் வட்டு பிதுங்கியிருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒன்றும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடத்து சோபாவில் படுக்கை போட்டாயிற்று. இப்போது குளியல்தொட்டியில் அவன் சாப்பிட்ட தட்டையும் சேர்த்து அவளே கழுவ வேண்டும்.

இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம், பட்டாணி சூப் சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் சட்டியை அப்படியே தொட்டியில் விட்டுவிட்டு எழுந்தாள். கோட்டைப் போட்டுக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். யோரிஸ் குறிப்பெழுதும் நோட்டை எடுத்துப் புரட்டினாள். அளவெல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தான். வட்டரம்ப மெஷின், டிரில், நேர்க்கோட்டுக்கு ஒரு அலுமினியச் சட்டம், இறுக்கிப் பிடிக்க நான்கு கிளாம்ப். இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு.

ரம்பம் முதல்தடவை உறுமியதும் சோபாவிலிருந்து சத்தம் வந்தது.

"யாரு அங்க? வேர்லே! என்ன பண்ற?"

"சமையலறை பண்றேன்."

"விளையாடாத. விரல் போயிரும்!"

"பத்து இருக்கு. நீ பேசாம படு."

முதல் வெட்டு கோணலாகப் போனது. சட்டத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். இரண்டாவது பலகையில் வெட்டு நேராக வந்தது, ஆனால் மேல்முகம் சிலிர்சிலிராகப் பிய்ந்தது. கைபேசியில் தேடிப் பார்த்தபோதுதான் நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டு அறுக்க வேண்டும் என்று தெரிந்தது. முதல் பெட்டியைப் பூட்டி முடித்துக் குறுக்கு மூலைக்குக் குறுக்கு மூலை அளந்தாள். ஒருபக்கம் நான்கு மில்லிமீட்டர் கூடுதல். பசை காய்வதற்குள் அளவு கூடிய இரண்டு மூலைகளுக்கும் குறுக்கே கிளாம்பைப் போட்டு இறுக்க, பெட்டி முனகிக்கொண்டே சதுரத்துக்கு வந்தது. இந்த வழியைச் சோபாவில் கிடந்தவன்தான் கத்திச் சொன்னான். அவள் அடுத்த பலகையை எடுத்தாள்.

அன்று முதல் தினமும் இரண்டு மணிநேரம். மூன்றாவது வாரம் கையெல்லாம் மரச்சிராய். ஆலையில் வெள்ளை விரிப்பில் ரத்தப்பொட்டு பட்டு, மேற்பார்வைக்காரி ஹ்ரீட் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, பூனை வளக்கிறியா?"

"அலமாரி செய்றேன்."

"உன் வீட்டுக்காரன்?"

"படுத்துக்கிட்டு குறை சொல்றான்."

"அதுக்கு எங்க வீட்டுல இடுப்புவலிகூட வேணாம்" என்றாள் ஹ்ரீட்.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓட்டக் கூடாது என்பது ஊர் விதி. அந்த நாளை வேர்லே விளிம்பு ஒட்டுவதற்கு வைத்துக்கொண்டாள். ப்ளைவுட்டின் அறுபட்ட ஓரம் அசிங்கமாகத் தெரியும். அதை மறைக்கப் பின்பக்கம் பசை தடவிய, நாடா மாதிரி மெல்லிய மரப்பட்டை வரும். சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். யோரிஸ் செய்த ஐந்து பெட்டிகளிலும் இந்தப் பட்டை ஓரிடம் கருகியும் ஓரிடம் கொப்பளித்தும் இருந்தது. வேர்லே இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சூடு பார்த்து, ஒரே இழுப்பில் கொண்டுபோய், பின்னாலேயே ஒரு கட்டையால் அழுத்திக்கொண்டு வந்தாள். விரலால் தடவினால் பலகை எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

யோரிஸ் தடியூன்றிக் கொட்டகை வாசல்வரை வந்திருந்தான். ஓரத்தைத் தடவினான். மறுபடியும் தடவினான்.

"எப்படி?"

"இருபத்திரண்டு வருஷம் வேற என்ன பண்ணேன்?" என்றாள்.

மார்ச் மாதம் ஒரு கதவு கெட்டது. கீலின் கிண்ணம் போன்ற தலை உட்காரக் கதவின் உள்பக்கம் பாதி ஆழம் குடைய வேண்டும். அன்று ஆலையில் இரண்டு பேர் லீவு, இவள்தான் மூன்று ஆள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். டிரில் மறுபக்கம் வெளியே வந்த பிறகுதான் கையை எடுத்தாள். கதவில் கண் மாதிரி ஓட்டை. தரையில் உட்கார்ந்து, மரத்தூளுக்கு நடுவே அழுதாள். கதவுக்காகத்தான் அழுகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் வேறு பலகையில் அந்தக் கதவைத் திரும்பச் செய்தாள். டிரில் முனையில், போதுமான ஆழத்துக்கு நேராக ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டாள்.

ஏப்ரலில் எல்லாவற்றையும் பொருத்தினாள். அந்த வரிசைவீட்டின் தரை ஒருபக்கம் இரண்டு சென்டிமீட்டர் சரிந்திருந்தது. ஒவ்வொரு பெட்டியின் காலையும் திருகித் திருகி ரசமட்டத்தின் குமிழி நடுவே நிற்கும்வரை குப்புறப் படுத்துக் கிடந்தாள். மேல் பெட்டிகளைத் தூக்கிப்பிடிக்க ஹ்ரீட் வந்தாள். வாயில் சிகரெட்டை வைத்துக்கொண்டே பிடித்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடைசிக் கதவும் மாட்டியாயிற்று. ஹ்ரீட் கிளம்பிப் போனாள். யோரிஸ் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்து மூடினான். அடுப்புக்குப் பக்கத்துக் கதவுகளிடம் வந்து நின்றான்.

"இந்த இடைவெளி மேல மூணு மில்லி, கீழ அஞ்சு."

"தெரியும்."

"பிரிச்சு மாட்டினா..."

"தொட்ட, மறுபடியும் படுக்கையில கிடப்ப. இந்தத் தடவை டாக்டர் தேவைப்படாது."

அவன் சிரிக்கவில்லை. கதவின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "முடிச்சுட்டா வந்து பாப்பாங்கல்ல, எல்லாரும்" என்றான். "அப்புறம் இதுதான் யோரிஸ் செஞ்சதுன்னு ஆயிரும். அதான் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டேன்."

நான்கு வருஷமாகக் கேட்டும் வராத பதில் அது. முன்பு வந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். இப்போது அதற்குச் சக்தி இல்லை. திருப்புளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"பிரிக்க வேணாம். கீல்ல ஒரு திருகு இருக்கு, அரைச் சுத்து போதும். அவ்வளவு நுணுக்கமாப் பாக்க எனக்குக் கண்ணு ஓடல."

அவன் திருகினான். கதவு லேசாக அசைந்தது. எட்டி நின்று பார்த்தான், இன்னொரு முறை திருகக் கையைத் தூக்கி, அப்படியே இறக்கிக்கொண்டான்.

அதற்குள் வேர்லே பெட்டியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள்; கால்கள் மட்டும்தான் விண்விண் என்று தெறித்தன.

"எந்திரி, நாற்காலில உக்காரு."

"முடியாது. நீ தூக்கு."

"நான் குனியவே கூடாதே."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். அவன் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் ரொட்டி, பாலாடைக்கட்டி, கத்தி எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துவந்து புது மேடையில் வைத்தான். ரொட்டியை நறுக்கி, மேலேயிருந்து ஒரு துண்டை அவளிடம் நீட்டினான். அவள் கையைத் தூக்கி வாங்கிக்கொண்டு, கண்ணை மூடியபடியே மென்றாள்.