விலைச்சீட்டில் சிரித்த பெண்ணைத் தேடி நெய்வேலிக்கு

இந்தப் பக்கத்தில் முன்பு வேறொரு பதிவு இருந்தது. வாடகை வீட்டின் சுவரை ஆயிரம் ரூபாய்க்குள் அழகாக்குவது எப்படி என்று 2015 தீபாவளிக்கு முன்பு எழுதியது. என் வலைப்பூவில் அதிகம் பேர் படித்த பதிவு அதுதான். அதை நீக்கிவிட்டேன். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், 2016 பிப்ரவரியில் நெய்வேலிக்குப் போய் வந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்னையில் ஒரு கடை. பெயர் வேண்டாம். துணிகளோடு சுவரில் மாட்டும் தையல் படங்களும் விற்பார்கள். அங்கே நான் 950 ரூபாய்க்கு ஒரு படம் வாங்கினேன். காக்கித் துணியில் நூலால் தைத்தது. சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் சக்கரம், அதன் கீழே தேங்கிய தண்ணீர், தண்ணீரில் நான்கு கொக்குகள். சக்கரத்தைச் சுற்றி மண் அள்ளும் வாளிகள் எல்லாம் சாம்பல் நிறம். ஒன்று மட்டும் பாதிக்கு மேல் பழுப்பு. "நூல் தீர்ந்திருக்கும், கைக்குக் கிடைத்ததை வைத்து முடித்திருக்கிறார். கைவேலைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?" என்று உருகி எழுதினேன். அந்தப் பதிவுக்காகக் கடைக்காரர்கள் எனக்கு ஒரு குர்தாவை இலவசமாகக் கொடுத்தார்கள். அதை நான் பதிவில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

படத்திலும் குர்தாவிலும் ஒரே விலைச்சீட்டு. அதில் ஒரு பெண்ணின் சிரித்த முகம். 'இதைத் தைத்தவர் ஸ்டெல்லா, நெய்வேலி. இவருக்கு நியாயமான கூலி கிடைக்கிறது.' (ஸ்டெல்லா என்பது நான் இப்போது மாற்றி வைத்த பெயர்.)

ஜனவரியில் பதிவின் கீழே ஒரு பின்னூட்டம் வந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கும் ஒரு வாசகி எழுதியிருந்தார். "இந்த ஸ்டெல்லாவை எனக்குத் தெரியும். மெயின் பஜார் பக்கம் ஒரு தையல் கடையில் நைட்டி தைக்கிறார். உங்கள் கடைக்கு அவர் எதுவும் தைப்பதில்லை." இரண்டு வாரம் அதைப் பார்த்தும் பாராததுபோல இருந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கோயம்பேட்டில் காலை 6.10க்குக் கும்பகோணம் பஸ். டிக்கெட் 148 ரூபாய். விக்கிரவாண்டியில் இருபது நிமிடம் நிறுத்தினார்கள்; அங்கே காபியைத் தவிர்ப்பது நல்லது. பண்ருட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. 11.05க்கு நெய்வேலியின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் இறங்கினேன். சுமார் இருநூறு கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்.

ஆட்டோக்காரர் எண்பது கேட்டு எழுபதுக்கு வந்தார். டவுன்ஷிப்புக்குள் நுழைந்ததும் வெயில் குறைந்துவிடுகிறது. நேர்கோடாய்ச் சாலைகள், மரங்கள், ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ் வீடுகள்.

"நைட்டி கடைங்களா? அங்க நல்லா தைப்பாங்க. எங்க வூட்டுலயும் அங்கதான் குடுக்கறது. நீங்க ஆர்டரு குடுக்க வந்தீங்களா?" என்றார்.

"ஒருத்தரைப் பார்க்கணும்" என்றேன்.

கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். நான்கு மிஷின். மூன்றாவது மிஷினில் விலைச்சீட்டுப் பெண். சிரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவருடைய உறவுக்காரர் என்று நினைத்து முதலாளி என்னை உள்ளே விட்டார். நான் பையிலிருந்து குர்தாவை எடுத்து ஸ்டெல்லாவின் கையில் கொடுத்தேன். விலைச்சீட்டை அவர் பார்க்கவே இல்லை. துணியை உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவினார்.

"இது நான் தச்சது இல்லீங்க. ஓரம் பிரியாம போட்டிருக்கிற இந்த ஓவர்லாக் பெரிய கம்பெனில போடறது. எங்ககிட்ட அந்த மிஷினே கிடையாது."

அதற்குப் பிறகுதான் விலைச்சீட்டைக் கண்டார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எனக்குப் பல்லு வலி" என்றார். "சிரி சிரின்னு சொல்லிக்கினே இருந்தாங்க."

இரண்டு மணிக்கு அவருக்கு வேலை முடிந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகிறீர்களா என்று நானேதான் கேட்டேன். மினி பஸ்ஸில் எட்டு ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். முத்தாண்டிக்குப்பம் போகும் வழியில் ஓர் ஊர். அதன் பெயரையும் எழுதவில்லை. பஸ்ஸில் அவர் சொன்னதுதான் முழுக் கதையும்.

மூன்று வருடம் முன்பு சென்னைக் கடைக்காரர்கள் வந்து, ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் மூன்று மாதம் தையல் பயிற்சி நடத்தினார்கள். பதினாறு பெண்கள். கடைசி நாளில் எல்லோரையும் புகைப்படம் எடுத்தார்கள். "ஆர்டர் வரும், வரும்னு ஆறு மாசம் பாத்துக்கினு இருந்தோம். வரல. நான் இந்தக் கடைக்கு வந்துட்டேன்."

"அப்போ இந்தப் படம்?" என்று போனில் என் வீட்டுச் சுவரைக் காட்டினேன்.

போனை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார். பெரிதாக்கத் தெரியவில்லை, நான் பெரிதாக்கிக் கொடுத்தேன். வாளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தவர் பழுப்பு வாளியில் நின்றார்.

"இது என்னுது. நூலு தீந்துபோச்சு, பண்ருட்டிக்குப் போய் வாங்க முடியல, அதனால ப்ரவுன்ல போட்டேன்." சட்டென்று முகம் மலர்ந்தது. "உங்க வூட்டுலயா இருக்குது? அப்ப பத்திரமாத்தான் இருக்குது!"

அந்தச் சந்தோஷத்தை நான்தான் கெடுக்க வேண்டியிருந்தது. என் பதிவைப் பார்த்து வாங்கியவர்கள் தங்கள் வீட்டுப் படங்களைப் பின்னூட்டத்தில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் காட்டினேன். மதுரை, கோவை, பெங்களூர். எல்லாவற்றிலும் அதே சக்கரம், அதே நான்கு கொக்கு, அதே வாளியில் அதே பழுப்பு. கம்ப்யூட்டர் தையல் மிஷின் அவருடைய தவறையும் சேர்த்தே நகலெடுத்திருந்தது. அதைத்தான் நான் கைவேலைக்குச் சாட்சி என்று எழுதியிருந்தேன்.

ஸ்டெல்லா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு இரண்டு அறை. அவர் கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மதிய ஷிஃப்டுக்குப் போயிருந்தார். முன்னறைச் சுவரில் ஒரு கேலண்டர், ஒரு மாதா படம், இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்று ஆணி.

"வூடு கட்டி முடிச்சப்ப கேலண்டரையும் மாதாவையும் தவிர மாட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. நாமளே ஒண்ணு தச்சு மாட்டலாம்னு எனக்கு ஒரு ஆசை. அவரோட பழைய யூனிஃபார்ம்லதான் தச்சேன். அவரு தினம் சொல்லுவாரு, அந்தச் சக்கரம் எம்மாம் பெருசு, கீழ கொக்கு வந்து நிக்கும்னு. நான் பாத்தது இல்ல. அவரு சொல்லச் சொல்லத் தச்சது. எக்சிபிஷன்ல வெச்சிட்டுத் தரோம்னு வாங்கிக்கினு போனாங்க."

நான் என்னவெல்லாமோ சொன்னேன். எழுதுகிறேன், கடையிடம் கேட்கிறேன், எல்லோரையும் அதைப் படிக்க வைக்கிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேணாங்க. அந்தத் துணி மட்டும் திரும்பி வந்தாப் போதும். என் பேரப் போட்டு இன்னொரு வாட்டி எழுதாதீங்க."

சரி என்றேன். அவர் டீ போட உள்ளே போனபோது, அந்த ஆணியைப் புகைப்படம் எடுத்தேன்.

திங்கட்கிழமை சென்னைக் கடைக்குப் போனேன். உரிமையாளரான பெண்மணி மரியாதையாகத்தான் பேசினார். "ஸ்டெல்லா எங்க பெண்கள் எல்லாருக்கும் ஒரு அடையாளம்" என்றார். மூலப் படம் அவர் வீட்டு வரவேற்பறையில் சட்டமிட்டு மாட்டியிருக்கிறதாம். "அது எங்களோட முதல் டிசைன். எப்படித் தரமுடியும்? எனக்கு அது ரொம்ப உணர்வுபூர்வமான விஷயம்." கிளம்பும்போது என் வாசகர்களுக்குப் பதினைந்து சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்.

அன்றைக்கே கோபத்தில் ஒரு பதிவு எழுதினேன். ஸ்டெல்லாவின் பெயரை எழுதவில்லை. ஆனால் பழைய பதிவில் பெயரும் விலைச்சீட்டும் அப்படியே இருந்தன. பின்னூட்டத்தில் தையல் கடை இருக்கும் இடமும் இருந்தது. புதிய பதிவின் மேலே அந்த ஆணியின் படத்தைப் போட்டேன். நிறையப் பேர் பகிர்ந்தார்கள். கடை பயந்துபோய் விலைச்சீட்டிலிருந்து முகத்தை எடுத்துவிட்டது. படத்தை மட்டும் தொடர்ந்து விற்கிறது. முகத்தை எடுத்துவிட்டதை ஸ்டெல்லாவுக்குப் போனில் சொன்னேன். ஜெயித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் ஸ்டெல்லா போன் செய்தார். என் வாசகர்கள் நான்கு பேர், இரண்டு தடவையாக, சென்னையிலிருந்து கார் வைத்துக்கொண்டு தையல் கடைக்குப் போயிருக்கிறார்கள். ஆதரவு தெரிவிக்கத்தான். ஒருவர் அவரோடு செல்ஃபி எடுத்திருக்கிறார். இன்னொருவர் முதலாளியிடம் கூலி எவ்வளவு தருகிறீர்கள் என்று விசாரித்திருக்கிறார். வம்பே வேண்டாம் என்று முதலாளி ஸ்டெல்லாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"நான் போய்ப் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க பேசுனதே போதும்ங்க." கோபமாகச் சொல்லவில்லை. "கடைக்காரங்க என் மூஞ்சிய எடுத்துட்டாங்கன்னு சொன்னீங்களே. நீங்க என் வூட்டுச் சுவத்த எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்றே இரண்டு பதிவுகளையும் நீக்கினேன். அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த அளவுக்கு மட்டும் இதை எழுதுகிறேன்.

குறைந்த விலையில் நல்ல படம், நேர்மையாகத் தைத்த உடை என்று தேடுகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். விலைச்சீட்டில் முகம் இருந்தால் நம்பாதீர்கள். அந்த ஆள் இப்போதும் உங்களிடம் வேலை செய்கிறாரா, எங்கே, எந்த மிஷினில் என்று கடையில் கேளுங்கள். தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரே படம் பத்துத் தொங்கினால் பிழைகள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். என்னைப்போல எழுதுகிறவர்களிடம், இதற்கு உனக்கு என்ன கிடைத்தது என்றும் கேளுங்கள். முடிந்தால் உங்கள் தெருவில் தைப்பவரிடமே துணி எடுத்துக் கொடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கூலியை நீங்களே அவர் கையில் கொடுக்கலாம்.

நெய்வேலிக்குப் போகிறவர்கள் கும்பகோணம் பஸ்ஸில் ஏறி ஆர்ச் கேட்டில் இறங்கலாம். மழைக்காலம் முடிந்த பிறகு போனால் நல்லது. ஸ்டெல்லா இப்போது வேறோர் ஊரில் ஒரு நைட்டி யூனிட்டுக்குப் போகிறார். இரண்டு பஸ் மாறவேண்டும், காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். தயவுசெய்து யாரும் அவரைத் தேடிப் போகாதீர்கள்.