என் புருவத்துத் தழும்பு

சேகருக்குக் கிடைக்கவிருந்த அரசாங்க வேலையைக் கெடுத்தவன் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே கெடுத்தேன்!

அவனை நான் அடித்தது தெருவுக்கே தெரியும். அதைச் சொல்ல வரவில்லை. அடித்த பிறகு வக்கீலிடம் என்ன சொன்னேன், வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் என்பது முழுதாக என் மனைவி ஸ்டெல்லாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இப்போது நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் பம்மலில் ஒரு குறுகிய சந்தில் குடியிருந்தோம். நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். எதிர்வீட்டுச் சேகர் டெம்போ ஓட்டினான். அவன் அம்மாவுக்குத் தோல் பதனிடும் ஷெட்டில் கூலி வேலை. அவன் வண்டி என் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும், நான் கத்துவேன். இது தினப்படி நடப்பது. அன்று காலை எனக்கு ரயில் போய்விடும் ஆத்திரம்.

"எடுடா வண்டியை!" என்றேன்.

"தோ எடுக்கறேன் சார். டா போட்டுப் பேசாதீங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. டெம்போ ஓட்டுகிறவன் எனக்குச் சொல்லித் தருவதா... என்று நினைத்தேன் பாருங்கள், என்ன கேவலமான புத்தி! கையிலிருந்த டிபன் கேரியராலேயே அவன் மண்டையில் அடித்தேன். சாம்பாரும் ரத்தமும் சேர்ந்து அவன் சட்டையில் வழிந்தன. அவன் என்னைப் பிடித்துத் தள்ளினான். டெம்போவின் பக்கப் பலகையில் மோதி விழுந்தேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தலையில் தையல் போட்டுக்கொண்டு அவன் நேரே போலீசில் புகார் கொடுத்தான். மதியத்துக்குள் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. லாக்கப்பில் வைத்தால் வேலையிலிருந்து சஸ்பென்ஷன்! தாம்பரத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலிடம் ஓடினேன்.

அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "உங்களுக்கு அடி எதுவும் படலையா?" என்றார்.

"இல்ல சார்."

"அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. அவன் தள்ளினான், நீங்க விழுந்தீங்க. காயம் இருந்து ஆஸ்பத்திரியில சேர்ந்தீங்கன்னா நீங்களும் அவன் மேல ஒரு கேஸ் குடுக்கலாம். ரெண்டு பக்கமும் கேஸ் இருந்தா ராஜிக்கு, சமாதானத்துக்கு வந்துதான் ஆகணும். இங்க எல்லாரும் பண்றதுதான்."

காயம் பண்ணிக்கொள் என்று அவர் சொல்லவே இல்லை. பழியை அவர் தலையில் கட்ட எனக்கு வழியில்லை.

"அந்தப் பையனுக்கு ராஜிக்கு வர வேண்டிய அவசியம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அந்த லட்டு நன்றாக இருந்தது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னவனும் நான்தான்...

"பஸ் டிரைவர் வேலைக்கு செலக்ட் ஆயிருக்கான் சார். போலீஸ் விசாரணைதான் பாக்கி. அவன் மேல கேஸ் இருந்தா ஆர்டர் வராது."

கடைசி வாக்கியத்தை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சேர்த்துச் சொன்னேன்!

"அப்ப அவனே ஓடி வருவான்" என்றார் வக்கீல்.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா எனக்கு!

வீட்டுக்கு வந்தேன். குளியலறைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் புருவத்தை ஓங்கி மோதினேன். முதலில் வீங்கியது, அவ்வளவுதான். மறுபடி மோதினேன். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஸ்டெல்லா ஓடிவந்தாள்.

"என்னங்க இது? அவங்க அம்மா லட்டு குடுத்தாங்களே..." என்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேகர் என்னைத் தாக்கியதாகப் புகார் கொடுத்தேன். அடிபட்டவனும் குற்றவாளி ஆனான்.

சில நாளில் அவன் அம்மா வந்தாள். தோல் வாடை புடவையில் இருந்ததால் வாசலிலேயே நின்றாள்.

"நாங்க வாபஸ் வாங்கிக்கிறோம் சார். நீங்களும் வாங்கிக்கங்க. புள்ள பொழப்பு கீது சார் அதுல."

"எல்லாம் கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றேன். கேஸை வாபஸ் வாங்குவதாக அவர்கள் முதலில் எழுதிக் கொடுக்கட்டும், அதுவரை நான் பிடி தளர்த்தக் கூடாது... அதுதான் என் புத்தி!

ராஜி ஆனது. ஆனால் அதற்குள் அந்த வேலைக்கான போலீஸ் விசாரணை வந்து போய்விட்டது. வழக்கு இருப்பதாக எழுதி அனுப்பிவிட்டார்கள். சேகருக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. என் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

கோர்ட்டு வராந்தாவில் அவன் என் புருவத்துக் காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

நாங்கள் வீடு மாறினோம். சர்ச்சில் இராப்போஜன அப்பம் வாங்க முழங்காலிடும்போதெல்லாம் பாவ அறிக்கை ஜெபத்தைச் சத்தமாகச் சொல்வேன். சேகரின் பெயர் மட்டும் வாய்க்கு வராது. ஸ்டெல்லா பக்கத்தில் இருப்பாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஏறினேன். பாதி வழி போன பிறகுதான் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது... சேகர்! இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அவன் என்னை முன்பே கண்டுகொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் நிறுத்தினான். திரும்பி என் புருவத்தைப் பார்த்தான்.

"தழும்பு இன்னும் போவல சார்?"

நான் பர்ஸைத் திறந்து சில்லறை தேடினேன்.

"நான் தள்ளினதுல இவ்ளோ அடி பட்டிருக்கும்னு நெனைக்கல சார். கோர்ட்லயே மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன். வாய் வரல. இன்னமும் எம்மேல கோவமா சார்?"

சொல்லியிருக்கவேண்டும். அந்த இடத்தில், அந்த நொடியில் சொல்லியிருக்கவேண்டும்! நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு?

"இல்லப்பா" என்றேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்."

அவன் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

தினமும் சவரம் செய்யும்போது அந்தத் தழும்பைப் பார்க்கிறேன். அவன் எங்கோ ஆட்டோ ஓட்டிக்கொண்டிருப்பான், நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நம்பிக்கொண்டு...