தாமதமாக வந்த அல்லேலூயா

காலர் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பது அவள் வேலை. கையை ஒருத்தி தைப்பாள், பையை இன்னொருத்தி தைப்பாள், இவளிடம் வருவதெல்லாம் கழுத்துதான். “சட்டைக்குக் காலர் வைக்கிறவ, அசந்தா நம்ம காலரையும் பிடிச்சிருவா” என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேலி செய்வார்கள். சூப்பர்வைசர்கூட ஓரடி தள்ளி நின்றுதான் அவளிடம் பேசுவார்.

அப்பேர்ப்பட்டவள் வாயைத் திறக்காமல் தலையாட்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடம். வேற்றுமொழி பேசும் அந்த ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்காகக் கோயில் ஒரு பணிக்குழு வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, புதிதாக வந்தவர்களுக்கு மொழி வகுப்பு, மாதம் ஒருமுறை குடும்ப நாள், எல்லாம் அந்தக் கூடத்தில்தான். கட்டட வேலைக்குப் போன அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்தபோது மகளுக்கு மூன்று வயது. அடக்கம் செய்ததும், ஒண்டிக்கொள்ள ஓர் அறை பார்த்துக் கொடுத்ததும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அந்தப் பணிக்குழுதான். அதை அவள் மறக்கவில்லை. நன்றி கெட்டவள் என்ற பேர் மட்டும் தனக்கு வந்துவிடக் கூடாது என்று இருந்தாள்.

அந்த நன்றிக்கு ஒரு வேலை காத்திருந்தது. குடும்ப நாளுக்கு வெளியிலிருந்து விருந்தினர் வருவார்கள். பணிக்குழுவுக்குக் கொடுத்து உதவுகிறவர்கள். அவர்கள் முன்னால் மேடையேறி, புருஷன் விழுந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சியம் என்று பெயர்.

மேடைக்குக் கூட்டிப் போய் நிறுத்துகிறவர் பணிக்குழுவின் ஒருங்கிணைப்பாளர். சனங்கள் அவருக்கு வைத்த பெயர் மைக்கம்மா. மைக் அவர் கையைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. காலர் அக்கா தமிழில் சொல்லச் சொல்ல, விருந்தினரின் மொழியில் அவர் எடுத்துச் சொல்வார். கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் காலர் அக்கா என்றைக்கோ நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

“‘போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு’ன்னு சொல்லி அங்க கொஞ்சம் நிறுத்துங்க அக்கா,” என்று முதல் தடவையே சொல்லிக் கொடுத்தார் மைக்கம்மா. “நான் மொழிபெயர்க்கிறதுக்கு முன்னாடி அவங்க உங்க முகத்தைப் பார்க்கட்டும்.”

உண்மையில் அவன் அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. துவைத்த பனியன் காயவில்லை என்று வாசல் வரை கத்திவிட்டுப் போனான். இவளும் உள்ளே இருந்தபடி பதிலுக்குக் கத்தினாள். “பனியன் எல்லாம் எதுக்கு அக்கா, கேட்கிறவங்களுக்கு நல்லாவா இருக்கும்?” என்று மைக்கம்மா அதை எடுத்துவிட்டார். காலர் அக்காவும் விட்டுக் கொடுத்தாள். அப்புறம் வருஷக்கணக்காக மேடையில் அவன் டீ குடித்தான், போய்விட்டு வருகிறேன் என்றான், விழுந்தான். விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போவார்கள். கீழே இறங்கும்போது அவளுக்கு உள்ளங்கை வேர்த்திருக்கும். அது துக்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. மறுநாள் காலையில் ஷிப்ட் இருக்கும்.

பிரித்துப் பார்க்க வைத்தவள் மகள். இப்போது பன்னிரண்டு வயது. ஒரு சாயங்காலம் காலர் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று மகள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“காலைல டீ குடிச்சாரு. போயிட்டு வர்றேன் கண்ணுன்னு சொல்லிட்டுப் போனாரு.” அங்கே நிறுத்தினாள். விரல் மடக்கி மூன்று எண்ணினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

கத்தி கீழே விழுந்த சத்தத்தில் பெண் திரும்பினாள்.

“என்னடி இது கூத்து?”

“இந்தத் தடவை குடும்ப நாளைக்கு நான்தாம்மா பேசணும். மைக்கம்மா சொன்னாங்க. நீ பேசிப் பேசி எல்லாருக்கும் பழகிப் போச்சாம்.”

பழகிப் போச்சாம்! காலர் அக்காவுக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. ஆனாலும் அடக்கிக்கொண்டு கேட்டாள்.

“உனக்கு உங்கப்பா ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. டீ குடிச்சாரு, வேலைக்குப் போனாரு, விழுந்துட்டாரு.”

“அது தவிர?”

பெண் யோசித்தாள். நிஜமாகவே முயற்சி செய்து யோசித்தாள். “அது தவிர என்னம்மா?” என்று திருப்பிக் கேட்டாள்.

காலர் அக்கா கீழே விழுந்த கத்தியைக் குனிந்து எடுத்தாள். ஊருக்கெல்லாம் சொன்ன கதையை அவள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. மேடையில் சொல்லி முடித்தால் வீட்டில் சொல்வதற்குத் தெம்பு இருக்காது. மைக்கம்மா வெட்டித் தைத்துக் கொடுத்த அப்பாதான் இந்தப் பிள்ளைக்கு அப்பாவாகிவிட்டார். அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மைக்கம்மா மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது.

குடும்ப நாளுக்கு முந்தின நாள் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் விருந்தினருக்கு மெத்தை வைத்தது, பின்வரிசைகளில் குடும்பங்களுக்குப் பிளாஸ்டிக். காலர் அக்கா நேராக மைக்கம்மாவிடம் போனாள்.

“என் பிள்ளை மேடை ஏறாது.”

“சின்னப் பிள்ளை வாயால வந்தா மனசுல பதியும் அக்கா. எல்லாம் நம்ம குடும்பங்களுக்காகத்தானே?”

“ஏறாதுன்னா ஏறாது. நானே சொல்றேன்.”

மைக்கம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்ப சரி. அந்த இடத்துல நிறுத்த மட்டும் மறந்துராதீங்க.”

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. ஃபாதர் முன்வரிசையில் விருந்தினரோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் இரண்டு மைக், ஒன்று மைக்கம்மாவுக்கு. காலர் அக்கா தன் மைக்கைப் பிடித்தாள். மகள் பின்வரிசையில் பெயிண்டர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெயிண்டர் அண்ணன், குடும்பம் வந்து சேர்வதற்கு முன்னால் காலர் அக்காவின் புருஷனோடு ஒரே அறையில் தங்கியவர், ஒரே சாரத்தில் வேலை பார்த்தவர்.

“என் வீட்டுக்காரருக்குப் பாட வராது,” என்று ஆரம்பித்தாள். “ஆனா பாடாம இருக்கவும் வராது. நம்ம பூசையில பாடற குழுவுல போய் நின்னுக்குவாரு. கழுதை கத்தற மாதிரி இருக்கும். ‘நீங்க வாயை மட்டும் அசைங்க போதும்’னு குழுத் தலைவர் கையெடுத்துக் கும்பிட்டாரு. இவரும் சரின்னாரு. அல்லேலூயா வந்துச்சு. எல்லாரும் பாடி முடிச்சாங்க. கோயிலே அமைதியா இருக்கு. அப்ப இவரு ஒத்தையா, தொண்டை கிழிய, ‘அல்லேலூயா’ங்கறாரு. பூசை வைச்ச ஃபாதரே சிரிப்பை அடக்க முடியாம திரும்பிக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எல்லாரும் பாடி முடிச்சுட்டு இவருக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க.”

பின்வரிசைகள் சிரித்தன. அவனைத் தெரிந்தவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

மைக்கம்மா ஒரு நொடி திகைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விருந்தினரின் மொழியில் பேசினார். மென்மையாக, மெதுவாக. முன்வரிசை அம்மாள் ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். இன்னொருவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் சிரிப்பு, முன்னால் கண்ணீர். காலர் அக்காவுக்கு அந்த மொழி அரைகுறை. இருந்தாலும் ‘விழுந்தார்’ என்பதற்கான சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது இப்போதும் வந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“அம்மா அப்படிச் சொல்லலை!”

மகள் எழுந்து நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை, இரண்டு மொழியும் அவளுக்கு அத்துப்படி. அதே வாக்கியத்தை விருந்தினரின் மொழியிலும் உரக்கச் சொன்னாள். முகம் சிவந்திருந்தது. தாயைப் போலப் பிள்ளை என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். மகள் விறுவிறுவென்று மேடைக்கு வந்து கையை நீட்டினாள். மைக்கம்மா கையிலிருந்து மைக் இறங்கியதை அன்றுதான் சனங்கள் முதல்முதலாகப் பார்த்தார்கள்.

பெண் ஒன்றுவிடாமல் சொன்னாள். கழுதையை, குழுத் தலைவரின் கும்பிடை, திரும்பிக்கொண்ட ஃபாதரை. கைக்குட்டை பாதியில் நின்றது. அல்லேலூயா வந்ததும் அவள் நிறுத்தினாள். இந்தத் தடவை விரல் மடக்கி எண்ணவில்லை. நிஜமாகவே தெரியாமல் நிறுத்தினாள்.

“அம்மா, அதை அப்பா எப்படிப் பாடுவாரு?”

காலர் அக்கா பாடினாள். எவ்வளவு மோசமாகப் பாட முடியுமோ அவ்வளவு மோசமாக. அவள் முடித்து, கூடம் அடங்கியதும், பெயிண்டர் அண்ணன் பின்னாலிருந்து தனியாக, தாமதமாக, அதே கழுதைக் குரலில் இன்னொன்று பாடினார். இந்தச் சிரிப்பை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. கைக்குட்டை அம்மாளும் சிரித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் மைக்கம்மா பாத்திரம் கழுவுகிற இடத்துக்கே வந்துவிட்டார். “இப்படிப் பண்ணிட்டீங்களே அக்கா. அவங்க அழுதாத்தானே நம்மளை நினைப்பாங்க?”

“நினைச்சா நினைக்கட்டும், நினைக்காட்டிப் போகட்டும்.” காலர் அக்கா அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “நீங்க செஞ்ச உதவிக்கு ஆயுசுக்கும் இந்தக் கூடத்தைக் கூட்டறேன், பாத்திரம் கழுவறேன். ஆனா அவரு விழுந்தது ஒரு தடவைதான். அப்புறம் மாசாமாசம் தள்ளிவிட்டது நீங்களும் நானும். இனிமே என் வீட்டுக்காரரைத் தள்ளிவிடாதீங்க.”

மைக்கம்மா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது மகள் வாய்க்குள்ளேயே தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு வந்தாள். தெருமுனையில் நின்று கேட்டாள்.

“அப்பா வேற என்னெல்லாம் செய்வாரு?”

இந்தக் கேள்வி வருவதற்கு ஒன்பது வருஷம் ஆனதே என்று காலர் அக்காவுக்கு மறுபடியும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதே கோபத்தோடு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து நடந்தாள்.

“சீட்டாட உட்கார்ந்தா திருட்டாட்டம்தான் ஆடுவாரு உங்கப்பா,” என்றாள்.