ஆணியில் நாலு துணி

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஒண்ணு ரெண்டு மெக்கானிக்" என்றால்தான் தெரியும். முப்பது வருஷமாக எதைக் கழற்றினாலும் எண்ணுவார், எதை மாட்டினாலும் எண்ணுவார். எங்கள் மாடிப்படி பதினேழு என்பது இந்த வீட்டில் அவருக்கு மட்டும்தான் தெரியும். பைக் என்ஜினைப் பிரித்தால், தூசி விழாமலிருக்கத் திறந்த ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு துணியைத் திணிப்பார். நாலு ஓட்டை, நாலு துணி. திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றாக உருவி ஆணியில் தொங்கவிடுவார். ஆணிக்கு நாலும் வந்து சேர்ந்த பிறகுதான் கிக்கரில் கால் வைப்பார். இந்தக் கூத்தைப் பார்த்தே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.

மூணு மாதம் முன்பு கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து இது இன்னும் முற்றிவிட்டது. வலது கண் இன்னும் மங்கல்தான். கண்ணை நம்ப முடியவில்லை, அதனால் விரலால் தடவித் தடவி எண்ணினார். உதிரிபாகக் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார் தினமும் போன் செய்வார். "போதும்ணே. பட்டறையை மூடிட்டு வந்து என் கடையில உக்காருங்க." இவர் பிடி கொடுக்கவில்லை. "ஒரே ஒரு என்ஜினைப் பிரிச்சு மாட்டிப் பாக்கறேன். ஓடுச்சுன்னா பட்டறை. ஓடலைன்னா உன் கடை" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த என்ஜின் எங்கள் தெருக் கணக்கு வாத்தியாருடைய பைக்காக வந்து சேர்ந்தது. புகை அடிக்கிறது, பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்றார் வாத்தியார்.

வியாழக்கிழமை மாலை மாட்டி முடித்தார். இருட்டத் தொடங்கியதால் எண்ணுவதைக் காலைக்கு வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை ஆணியைத் தடவினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." கிக்கரை உதைத்தார். மறுபடி உதைத்தார். செருப்பு பறந்துபோய்த் தெருவில் விழுந்ததுதான் மிச்சம். வண்டி செருமக்கூட இல்லை.

என் தலைவலி அங்கே ஆரம்பித்தது. பிளக்கைக் கழற்றி, "பொறி வருதா பாரு" என்றார். நன்றாகவே வந்தது. "அப்ப பெட்ரோல்தான்" என்று கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினார். மதியத்துக்குள் அதை மூன்று தடவை ஊதியாயிற்று. அடுத்து, உள்ளே இருக்கும் செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. மூடியைத் திறந்து என்னைக் குனிய வைத்தார்.

"பல் சக்கரத்துல கோடும் புள்ளியும் நேரா இருக்கா?"

"நேராத்தாங்க இருக்கு."

"நீ நேரா நின்னு பாத்தியா?"

எனக்கு வந்ததே கோபம்! அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வேறு. இதற்கு நடுவே வாத்தியார் மணிக்கொரு தரம் எட்டிப்பார்த்து, "என்னண்ணே, விடை வந்துச்சா?" என்பார்.

சனிக்கிழமை காலை என் பொறுமை சுத்தமாகக் காலி. "கண்ணு தெரியலைன்னா தெரியலைன்னு ஒத்துக்கிட்டா என்னங்க? கௌரவமா உங்க தம்பி கடையில போய் உக்காருங்களேன்!" என்று கத்திவிட்டேன். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டி முன்னால் உட்கார்ந்தார்.

பிளக்கை எடுத்து விரலால் தடவினார். "இத்தனை உதைக்குப் பெட்ரோல்ல நனைஞ்சிருக்கணும். காய்ஞ்சு கிடக்கே" என்று முணுமுணுத்தார். பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் பெட்ரோலை விட்டு, மூடி, உதைத்தார். டப் டப் என்று இரண்டு தரம் வெடித்து அடங்கியது.

"பொறி சரி, செயின் சரி. பெட்ரோல் உள்ள போற வழிதான் அடைச்சிருக்கு."

கார்புரேட்டரைக் கழற்றி, அதிலிருந்து என்ஜினுக்குள் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டார். எட்டவில்லை. ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். எண்ணெயில் கறுத்துச் சுருண்டு ஒரு துணி வந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆணியில் இருந்த நாலையும் எடுத்து மடியில் போட்டு எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"இதோட அஞ்சு. நாலுன்னு நினைச்சு அஞ்சு வச்சிருக்கேன். கண்ணு போனாக்கூடப் பரவாயில்லை. எனக்கு எண்ணவே வரலையே." போனை எடுத்துத் தம்பி நம்பரைத் தேடினார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை அவர் கை கழுவப் போனபோது நான் பட்டறையைப் பெருக்கினேன். ஆணியில் மூன்று துணிதான் தொங்கியது. ஒன்று காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு துணி குறைந்தால் இந்த மனுஷன் வீட்டையே தலைகீழாக்குவார், யார் தேடுவது? துணிகளைக் கிழித்த அதே பழைய நீலச் சட்டையில் இன்னொரு துண்டு கிழித்துத் தொங்கவிட்டேன். அத்தோடு மறந்தும் போனேன்.

சொல்லாமலே விட்டுவிடலாம். வண்டி எப்படியும் ஓடப்போகிறது. கொழுந்தனார் கடையில் மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, வீடு முழுக்க கிரீஸ் வாடை இருக்காது. இரண்டு நாளாக நான் கத்தியதும் அதற்குத்தானே? ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னங்க, ஆணியில ஒரு துணி நான் மாட்டினது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டட்டும் என்று நின்றேன். திட்டினால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் போனைக் கீழே வைத்தார். "நீ பாத்தப்ப ஆணியில எத்தனை?"

"மூணு."

"நல்லா எண்ணினியா?"

"மூணுதாங்க!"

விரலை மடக்கினார். "ஆணியில மூணு, உள்ள ஒண்ணு. அப்ப நாலுதான் வச்சிருக்கேன்! ஒண்ணை எடுக்க மறந்தேன், சரி. நீ மாட்டாம இருந்திருந்தா காலையில எண்ணினப்பவே பிடிச்சிருப்பேன். என் கணக்கு தப்பலை!" கண் கலங்கிப்போய்ச் சிரித்தார். ஆபரேஷன் செய்த கண்ணும்தான்.

மாட்டினார். முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. அந்தச் சத்தத்தில் போன் அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

"என்ன அண்ணி, வண்டி ஓடுச்சா? அண்ணன் எப்ப கடைக்கு வர்றாரு?"

"உங்க அண்ணனுக்கு வேலை இருக்கு தம்பி" என்றேன்.