அம்மா போட்ட உப்பு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் சளைக்காமல் பதில் சொல்வேன்.

நைனா அதே பேட்டையில் இரும்பு உருக்காலை ஒன்றில், உலைக்கு முன்னால் நின்று பல வருடம் உழைத்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு வேறொரு கம்பெனியில் கேட் வாட்ச்மேன் ஆனார். அங்கே நடந்த மெடிக்கல் கேம்ப்பில்தான், அவருக்கு ரத்த அழுத்தம் அதிகம், சிறுநீரில் புரதம் போகிறது என்று தெரிந்தது.

"எனக்கு ஒரு நோவும் இல்லியே. நல்லாத்தானே போய்க்கினு கீறேன்" என்றார்.

அரசு மருத்துவமனை டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். "கிட்னி கெடும்போது வலிக்காதுங்க. கால் வீங்கி, மூச்சு வாங்கி நீங்க ஓடி வர்றப்போ பெரும்பங்கு போயிருக்கும். உங்களுக்கு இப்பதான் ஆரம்பம். அழுத்தத்தைக் குறைச்சா காப்பாத்திடலாம்."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் விழுங்கினார். ஆனாலும் மாதாமாதம் போய்ப் பார்க்கும்போது அழுத்தம் இறங்கவே இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தோம். தாகமாக இருந்தது. நைனாவின் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தேன். உப்புக் கரித்தது.

"இன்னா நைனா இது?"

"உங்கம்மா போடறது. உலைல இருந்த காலத்துலேருந்து போடறா."

"வேணாம்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னா அவ மூஞ்சி வாடிப்பூடும். உடு பாப்பா, ஒரு சிட்டிகதான்."

ஒரு சிட்டிகை இல்லை அது. வீட்டுக்குள் நுழைந்ததும் கோபமாகவே ஆரம்பித்தேன். அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னாடி தெரியும்? நீ அப்போ கொழந்த. உலைலேருந்து ஊட்டுக்கு வந்தா சட்ட முழுக்க உப்பு பூத்து நிக்கும். கெண்டக்காலு இழுத்துக்கினு மனுசன் தரையில உருளுவாரு. உப்புத் தண்ணி குடுத்து நான்தான் நீவி உடுவேன். அத்த உங்க டாக்டரு பாத்தாங்களா?"

சொல்லும்போது, அந்தக் காலை இன்னும் பிடித்திருப்பது போல அவள் விரல்கள் மடங்கின. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்போ நீ குடுத்தது சரிதாம்மா. வேர்வைல போனத திருப்பிக் குடுத்த. இப்போ நைனா ஃபேனுக்கு அடியில ஒக்காந்துகினு கீறாரு. போட்ட உப்பு ஒடம்புலயே தங்குது. அது தண்ணிய இழுத்து வெச்சுக்குது, அழுத்தம் ஏறுது. அந்த அழுத்தத்துல கிட்னி கொஞ்சம் கொஞ்சமா தேயுது."

அம்மா கரைப்பதை நிறுத்தினாள். "அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"இல்லம்மா. அவரு வேல மாறிச்சு, நம்ம யாருக்கும் இது தோணல. டாக்டரு சொன்னப்புறமும் உன் மூஞ்சி வாடும்னு குடிச்சாரு பாரு, அவரக் கேளு."

"அந்த மனுசனுக்குப் புத்தின்றதே கெடையாது" என்று, புளிக்கையைத் தூக்கிப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை அம்மாவும் மருத்துவமனைக்கு வந்தாள். எவ்வளவு உப்புதான் கொடுக்கலாம் என்று அவளே கேட்டாள். ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், அதுவும் தலைதட்டி என்றார் டாக்டர். மறுநாள் காலையிலிருந்து அன்றைய உப்பு ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வந்துவிட்டது.

"இன்னாமே, ரேஷன் கட தொறந்துட்டியா?" என்றார் நைனா.

"ஆமா. கார்டு எடுத்துக்கினு வா."

சில மாதங்களில் அழுத்தம் இறங்கியது. சிறுநீரில் புரதமும் குறைந்தது. முழுசாக நிற்கவில்லை, தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதைக் கேட்டு நான் மூச்சு விடுவதற்குள் அம்மா, வளையலை மேலே தள்ளிவிட்டு, தன் கையை மேஜைமேல் நீட்டினாள்.

"எனக்கும் பாருங்கம்மா. இத்தினி வருசமா அதே சோறுதான நானும் துன்னேன்."